துணை நலம்

கோவையில் இப்போதெல்லாம் ஒருவருக்குப் புற்று வந்தால், முதலில் ஆஸ்பத்திரியில் சேர்வது அவரில்லை, அவருடைய நிகரிதான். ஆள் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கலாம், பேரனை ஸ்கூலில் விட்டுவிட்டு வரலாம். அவருடைய கட்டியிலிருந்து கிள்ளியெடுத்த ஒரு துணுக்கு, நொய்யல் நிகர்க்கூடத்தின் சூடு மாறாத அடைபெட்டிக்குள் கடுகளவு உருண்டையாக வளர்ந்து, அவருக்குப் பதிலாக மருந்துகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும். எந்த மருந்தில் அந்த உருண்டை கரைகிறதோ, அது மட்டும்தான் ஆளுக்கு வரும். இந்த மருந்து கேட்குமா, அந்த மருந்து கேட்குமா என்று முடியைக் கொட்டி, வாந்தியெடுத்து, குடும்பமே கோயில் கோயிலாக அலைந்த கூத்தெல்லாம் போன தலைமுறையோடு போயிற்று.

அந்தக் கூடத்தில் நிகரிகளைப் பார்த்துக்கொள்பவள் கவிநயா. பேரைக் கேட்டுச் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம், அதெல்லாம் அந்தக் காலத்துப் பேர். ஐம்பது தாண்டிவிட்டது. தனி ஆள். ஒரு கல்யாணம் பேச்சோடு நின்றது, அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள், அண்ணன் கனடாவில் இருப்பதாகக் கேள்வி. சொந்த அண்ணனையே ‘இருப்பதாகக் கேள்வி’ என்று சொல்லும் அளவுக்குத்தான் போக்குவரத்து. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் இருந்தாள். எதிர்வீட்டு தீபிகா அக்காவோடு பேச்சுவார்த்தை கிடையாது. அந்தம்மாவின் செருப்பு ஸ்டாண்டு இவள் வாசலுக்கு முன்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. இவள் ஒரு நாள் அதைச் சொல்லப் போக, அது வாய்த்தகராறும் ஓரியாட்டமுமாகி, அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான். ஸ்டாண்டு இன்னும் அங்கேயேதான் இருந்தது.

காலையில் கூடத்துக்கு வந்ததும் அவள் பார்ப்பது மருந்துதேடியின் திரையை. மருந்துதேடி என்பது சேர்மங்களைத் தானே வார்த்து, நிகரிகளின் மேல் தானே ஊற்றி, என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இயந்திரம். ஒரு நிகரிக்கு மருந்து பிடிபட்டுவிட்டால் திரையில் இரண்டே வாக்கியம் வரும்.

கட்டி அழிந்தது. துணை நலம்.

அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே கவிநயாதான். இயந்திரம் புதிதாக வந்தபோது, சுருக்கமாக இருக்கட்டும் என்று சொன்னார்கள். யோசிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

துணை என்றால் என்னவென்று இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் புற்றுச் செல்களைக் கண்ணாடித் தட்டில் தோசை மாவு மாதிரித் தட்டையாகப் பரப்பி, அதன்மேல் மருந்தை ஊற்றிச் சோதித்தார்கள். தட்டில் பொசுக்கென்று செத்துப்போன புற்று, ஆளுக்குள் இருக்கும்போது அதே மருந்துக்கு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. ஏனடா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு பார்த்ததில் விஷயம் ரொம்பச் சாதாரணமானது. உடம்பில் எந்தச் செல்லும் தனியாக இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, சுற்றிலும் நாலு என்று அக்கம்பக்கம் இருக்கிறது. ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்கின்றன, ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்கின்றன. பிரித்துப் பரப்பினால் அது வேறு ஜந்து. அதனால் நீளம், அகலம், ஆழம் எல்லாம் உள்ள உருண்டையாக வளர்க்க ஆரம்பித்தார்கள். உருண்டை நிலைத்து நிற்க வேண்டுமானால் கட்டிச் செல் மட்டும் போதாது, ஆரோக்கியமான மனிதச் செல்களும் சுற்றி இருக்க வேண்டும். நோயாளியின் சொந்தச் செல்லையே வளர்க்கலாமென்றால் அது நத்தை வேகம், நோய் அதுவரை காத்துக்கொண்டிருக்காது. எனவே வேறொருவரின் செல்லை வளர்த்துத் தயாராக வைத்திருப்பார்கள். அதுதான் துணை. மருந்து கட்டியைக் கொல்ல வேண்டும், துணையைத் தொடக் கூடாது. இயந்திரத்துக்குக் கொடுத்த பாடம் அவ்வளவுதான்.

எல்லா நிகரிக்கும் ஒரே துணை என்பது கூடத்தின் சட்டம். அப்போதுதான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். அந்தத் துணைக்கு து-7 என்று பேர். யாருடைய செல் என்று ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

கவிநயாவுக்குத் தெரியும். அது அவளுடையது.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் லீவில் நடந்தது அது. ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். போக ஊரில்லாத கவிநயாதான் வழக்கம்போல் பண்டிகைக் காவல். அடைபெட்டி பழுதாகி, அதுவரை வைத்திருந்த துணைச் செல்கள் மொத்தமும் வெந்துபோயின. பக்கத்துப் பெட்டியில் நிகரிகள் உதிர ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொரு உருண்டைக்குப் பின்னாலும் ஒரு ஆள் மருந்துக்குக் காத்திருக்கிறார். அப்போதைய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். “ஏதாவது பண்ணு கவி,” என்று அவர் சொல்லிவிட்டார். ஏதாவது என்றால்? முழங்கைக்கு உள்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு, தன் தோலிலேயே ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்து வளர்த்தாள். அவள் செல் பிடிவாதக்காரச் செல். எந்த உருண்டையோடு வைத்தாலும் ஒட்டிக்கொண்டது, தாங்கிக்கொண்டது. லீவு முடிந்து வந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, “இதையே வச்சுக்கலாம், பேரெல்லாம் வேண்டாம்,” என்று சொல்லி ஒரு எண்ணைப் போட்டார். அவரும் போய் ரொம்ப நாளாயிற்று.

அதனால் ‘துணை நலம்’ என்று திரையில் வரும்போதெல்லாம் கவிநயாவுக்கு அது தன்னைப் பற்றிய சேதி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரியும். வீட்டில் எப்படி இருக்கிறாய் என்று கேட்க நாதியில்லை. இங்கே நாள் முழுக்க ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது, நலம், நலம், நலம். முகம் தெரியாத எவ்வளவோ பேருடைய கட்டிகளுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவர்கள் பிழைக்கும்வரை கூடவே இருக்கிறாள். டிபன் பாக்ஸைத் தனியாகத் திறக்கும்போது அந்த நினைப்பு அவளுக்கு ஊறுகாய் மாதிரி.

அவளுக்கே தொடையில் ஒரு கட்டி வந்தபோது அவள் பெரிதாகப் பயப்படவில்லை. கொல்லன் தெருவில் குடியிருப்பவன் ஊசிக்கு அழுவானா? சதைக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் இணைப்புத் திசுவில் வந்த புற்று என்றார்கள். சரி, நிகரி போட்டால் மருந்து வந்துவிடப் போகிறது. தன் நிகரியைத் தானே கையாளக் கூடாது என்பதால், கூடத்தின் தலைவர் டாக்டர் ரிஷ்வந்த் அதைப் பார்த்துக்கொண்டார். அவளிடம் வேலை பழகி மேலே போனவர், இன்னமும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வாரம் கழித்து வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

“அக்கா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க! கட்டியே காணோம்னு சொல்லுது!”

திரையில் அப்படித்தான் இருந்தது. கட்டி காணப்படவில்லை. துணை நலம்.

“அப்ப இது என்னங்க டாக்டர், கொழுக்கட்டையா?” என்று கவிநயா தொடையைத் தொட்டுக் காட்டினாள்.

இருவரும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கட்டி காணாமல் போகவில்லை. கடுகு மிளகாகியிருந்தது. ரிஷ்வந்த் அங்கீகரித்த மருந்துகள் ஒவ்வொன்றையும் கையாலேயே ஊற்றிப் பார்த்தார். முற்றிய புற்றையெல்லாம் பஞ்சாய்ப் பறக்கடித்த மருந்துகள், அந்த உருண்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விலகிப் போவது போல விலகின. உருண்டை ஜம்மென்று வளர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் மதியம் அவர் கவிநயாவின் மேசைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா இருந்தா சிரிச்சுக்குங்க. உங்க கட்டிக்கும் து-7க்கும் என்னமோ ஒரு ஒட்டு இருக்குதுங்க. செல்லு மேல இருக்கற அடையாளம் பூரா அப்படியே ஒத்துப் போகுது. ஒரே ஆளு மாதிரி.”

கவிநயா டிபன் பாக்ஸை மூடினாள். இருபது வருஷமாக ஒருவரிடமும் சொல்லாதது.

“ஒரே ஆளுதானுங்க டாக்டர்.”

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்த பிறகு முகம் வெளுத்துவிட்டது. ஆரோக்கியமான செல்லுக்கு எல்லா மனிதருக்கும் பொதுவான சில அடையாளங்கள் உண்டு. புற்றாக மாறும்போது அவை உதிர்ந்துவிடும். மருந்துதேடி அந்தப் பொது அடையாளங்களைக் கண்டால் விட்டுவிடக் கற்றிருந்தது. அதனால்தான் மற்றவர்களெல்லாம் பிழைத்தார்கள். ஆனால் எப்போது பார்த்தாலும் துணையாக வந்து நின்றது ஒரே ஆள். அதனால் அது இன்னொன்றையும் கூடவே கற்றுக்கொண்டுவிட்டது. கவிநயாவுக்கு மட்டுமே உரிய அடையாளம் எதைக் கண்டாலும் விட்டுவிடு. அவளுடைய கட்டி, பொது அடையாளங்களை உதிர்த்துவிட்டது. அவளுடைய அடையாளங்களை உதிர்க்கவில்லை. இயந்திரத்தின் கண்ணுக்கு அது கட்டியே இல்லை, கவிநயா.

“அப்ப நம்ம வார்த்த மருந்து பூராவும்...”

“ஆமாங்க. என்னைத் தொடக் கூடாதுன்னு படிச்ச மருந்துங்க.” சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. “ஊர்ல இருக்கற எல்லார் புற்றையும் கொல்லும். என்னுதை மட்டும் பத்திரமாப் பாத்துக்கும். இத்தனை பாசமா எம்மேல யாருமே இருந்ததில்லீங்க டாக்டர்.” பிறகு அழுதாள். ரிஷ்வந்த் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

வழி இல்லாமல் இல்லை. து-7ஐத் தூக்கிவிட்டு வேறொரு துணையை வைக்க வேண்டும். ஆனால் யாரை வைத்தாலும் நாளைக்கு அவருக்கும் இதே கதிதான். யார் துணையோ, அவரைத் தொடாமல் இருக்க மருந்துகள் கற்றுக்கொள்ளும். ஆக, ஒரே ஒருவரை வைக்கக் கூடாது. நூறு பேரிடம் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக் கலந்துவிட்டால், இயந்திரத்தால் தனித்தனி முகத்தை மனப்பாடம் செய்ய முடியாது. எல்லோருக்கும் பொதுவானதை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஊர்த்துணை என்று ரிஷ்வந்த் பேர் வைத்தார். நூறு பேர். அதுவும் கட்டி நுரையீரலுக்குப் போவதற்குள். எப்படியும் மழைக்காலத்துக்கு மேல் தாங்காது என்று அவரே வாய்விட்டுச் சொன்னார்.

அறிவிப்பு போட்டார்கள். துணைக்கு ஆள் தேவை, கையில் குண்டூசித் தலையளவு தோல், வலிக்காது. நூறு பேர் சேராவிட்டால் யாருடைய செல்லையும் பயன்படுத்த மாட்டோம், கொட்டிவிடுவோம். ஏன் தேவை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். நோயாளியின் பேரை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவுதான், ஊர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. ‘துணை குடுத்தா நாளைக்கு நமக்கு மருந்தே கேக்காதாம்.’ பஸ்ஸில், பேக்கரியில், அபார்ட்மெண்ட் குரூப்பில் எல்லாம் இதே நாயம், இதே பேச்சு. நூறு பேர் கொடுத்தால் ஒருவருக்கும் ஆபத்தில்லை என்ற பாதியை யாரும் படிக்கவில்லை. படித்தவர்களும் மற்ற தொண்ணூற்றொன்பது பேர் முதலில் வரட்டும் என்று வீட்டிலேயே இருந்தார்கள்.

கூடத்து ஆட்களே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருத்திக்கு வீட்டில் கேட்க வேண்டும். ஒருவனுக்குத் தோல் ரொம்ப சென்சிட்டிவ். இன்னொருவன் ஜாதகத்தில் உடம்பிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாது என்று இருந்ததாம். ரிஷ்வந்தே, “பொறுப்புல இருக்கறவன் குடுத்தா நல்லா இருக்காதுங்க்கா, பாரபட்சம்னு சொல்லுவாங்க,” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கவிநயா யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் வலித்தது. தினமும் பக்கத்தில் நின்று கை கழுவுகிறவர்கள்.

துணை வாங்கும் கவுண்டருக்கு ஒதுக்க ஆளில்லை என்று அவளையே உட்கார வைத்தார்கள். தனக்கு மருந்து கேட்டுத் தானே கடை விரித்து உட்கார்ந்த மாதிரி ஆயிற்று. எப்போதாவது ஒருவர் எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்க்கிற அத்தனை பேரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

“இதுவரைக்கும் எத்தனை பேருங்க குடுத்திருக்காங்க?”

“இன்னும் யாரும் இல்லீங்க. நீங்கதான் மொதல்.”

“அப்படீங்களா? சரி, சித்த நேரத்துல வர்றனுங்க.”

அந்தச் சித்த நேரம் முடியவே இல்லை. கல்யாணப் பந்தியில்கூட முதல் இலையில் உட்கார யோசிக்கிற ஊர் இது. கவிநயாவுக்குப் பொய் சொல்ல வராது, அதனால் ஒரு பதினைந்து நாள் கவுண்டர் காலியாகவே கிடந்தது. தொடையில் கட்டி பெருத்து, நாற்காலியில் உட்கார்ந்தால் குத்தியது.

அப்படி ஒரு முற்பகலில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது எதிர்வீட்டு தீபிகா அக்கா. அறுபது வயதுக்கு மேல், கையில் துணிப்பை. கவுண்டரில் இருப்பவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“நீங்களா!”

“நான்தானுங்க.”

திரும்பிப் போய்விடுவாள் என்று கவிநயா நினைத்தாள். தீபிகா ஒரு கணம் கதவைப் பார்த்தாள், பிறகு பையைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

“எத்தனை பேரு குடுத்தாங்க?”

“யாரும் இல்லீங்க்கா.”

“இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு யாருமில்ல, யாருமில்லன்னு சொன்னா எவன் அம்மிணி வருவான்?” என்று சொல்லிக்கொண்டே முழங்கையை நீட்டினாள். “எடுங்க. வலிச்சா திட்டுவேன்.”

கவிநயா ஊசி போட்டு மரத்துப்போக விட்டாள். மரக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் தீபிகா பேசினாள்.

“எனக்கு மார்ல வந்துச்சு, தெரியுமுங்களா? நீங்க குடி வர்றதுக்கு முன்னால. என் நிகரியும் இங்கதான் இருந்துச்சாம். ஒறம்பரை, சொந்தம்னு ஒருத்தரும் எட்டிப் பாக்கல. பையன் வெளிநாட்டுல இருந்து போன்ல அழுதான், அதோட சரி. அப்ப இங்க ஒரு பொண்ணு சொல்லுச்சு, கவலப்படாதீங்க, உள்ள உங்க கட்டிக்குப் பக்கத்துல துணைக்கு ஒருத்தங்க இருக்காங்கன்னு. யாரோ, எவரோ. எனக்கு அது ஒரு தெம்பா இருந்துச்சுங்க. அதான் வந்தேன்.”

கவிநயா மரத்த இடத்தைப் பஞ்சால் துடைத்தாள். அது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. எதிர்வீட்டில் இத்தனை வருஷம் செருப்பு ஸ்டாண்டுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவளோடு, ஒரு கடுகளவு உருண்டைக்குள் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். சொல்லவில்லை. குனிந்து, வலிக்காமல் கிள்ளியெடுத்தாள்.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்த தீபிகா வீட்டுக்குப் போகவில்லை. கவுண்டருக்கு வெளியே இருந்த நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டாள், முதல் நாற்காலியில் பஞ்சு தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர் எட்டிப் பார்த்து எத்தனை பேர் என்று கேட்டார்.

“எழுவதுக்கு மேல போயிருச்சுங்க,” என்றாள் தீபிகா, கூசாமல். “நானே காலைல இருந்து உக்காந்து இப்பத்தான் குடுத்தேன். நூறோட நிறுத்திருவாங்களாம். உங்களுக்குக் கெடைக்குதோ என்னமோ.”

கிடைக்காமல் போய்விடுமோ என்று கேட்டதும் அந்த மனுஷன் பட்டென்று உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து அவர் கூட வந்தவர். இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மூன்றாவது ஆள், என்னங்க தர்றாங்க என்று கேட்டுக்கொண்டே. உள்ளே இருந்த கவிநயாவுக்கு முகமெல்லாம் சூடாயிற்று. ஆபத்தில்லாத பொய்தான், நூறு சேராவிட்டால் கொட்டிவிடப் போகிறோம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஊசியை எடுத்தாள். மாலைக்குள் வரிசை வராந்தாவைத் தாண்டிவிட்டது. கூடத்து ஆட்கள் சன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். கடைசியாக வந்து நின்றவர் டாக்டர் ரிஷ்வந்த்.

நூறு சேர்ந்தது. பொய் உண்மையாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது. இருபது வருஷமாக அந்த இயந்திரம் கவிநயாவைக் காப்பாற்றிப் பழகியது. ஊர்த்துணையில் அவளுடைய ஒரு செல் தட்டுப்பட்டால்கூடப் பழைய புத்திக்குத் திரும்பிவிடும். கூடத்தில் து-7 சுத்தமாக இருக்கக் கூடாது. உறைபெட்டிகளிலும், நைட்ரஜன் தொட்டிகளிலும், அடைபெட்டிகளிலும் இருப்பதையெல்லாம் எடுத்து அழித்துவிட வேண்டும்.

“வேற யாரையாவது பண்ணச் சொல்லட்டுங்களா?” என்று ரிஷ்வந்த் கேட்டார்.

“என்னுதுதானுங்களே. நானே பண்றேன்.”

குப்பி குப்பியாக எடுத்து ப்ளீச்சிங் கலந்த தொட்டியில் போட்டாள். கைக்கு அது வெறும் வேலைதான், எத்தனையோ முறை செய்தது. ஆனால் கடைசிப் பெட்டியை நெருங்க நெருங்க அவளுக்குத் தாங்கவில்லை. அவளுடைய இளவயதுச் செல்கள் அவை. அவள் கிழடாகிக்கொண்டிருந்தபோது அவை முப்பது வயதிலேயே நின்று, ஊர்பேர் தெரியாத ஆட்களுக்குத் துணை போயிருந்தன. இனிமேல் அவள் இருக்கிற இடம் அவள் உடம்பு மட்டும்தான். கடைசிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், அது கைச்சூட்டில் உருகிவிட்டது. பிறகு அதையும் போட்டாள்.

அவளுடைய நிகரியைச் சுற்றி நூறு பேரின் செல்கள் வந்து சூழ்ந்தன. ஊர்த்துணையில் சேரக் கூடாத ஒரே ஆள் அவள்தான். இத்தனை நாள் எல்லாக் கட்டிக்கும் பக்கத்தில் இருந்தவள், இப்போது தன் கட்டியோடு தனியாக நடுவில் நின்றாள், சுற்றிலும் அந்நியர்கள். அப்போதுதான் மருந்துதேடிக்கு முதன்முறையாக அவளுடைய கட்டி கண்ணில் பட்டது. தேட ஆரம்பித்தது.

இதற்கு நடுவில் விஷயம் மற்ற நகரங்களுக்கும் போய், எல்லா நிகர்க்கூடங்களும் பதறிக்கொண்டு தங்கள் துணை யாரென்று தோண்ட ஆரம்பித்தன. ஒவ்வொரு கூடத்திலிருந்தும் ரிஷ்வந்துக்குப் பதில் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் துணை ஒரே ஒரு ஆள். அந்தக் கூடத்திலேயே வேலை பார்க்கிற ஒருவர். ஏதோ ஒரு பண்டிகைக்கு ஊருக்குப் போகாமல் தங்கிய ஒருவர். ஒரு ஊரில் அது ரம்ஜான், ஒரு ஊரில் ஓணம், ஒரு ஊரில் கிறிஸ்துமஸ். இரண்டு பேர் ஏற்கெனவே கட்டி வந்து, ஏன் மருந்து கேட்கவில்லை என்று தெரியாமலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதைப் படித்த அன்றைக்குக் கவிநயா மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் மருந்து வந்தது. முதல் ஊசியைப் போட்டு, ஒரு நாள் படுக்க வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் சாயங்காலம் கவிநயா பால் வாங்கக் கதவைத் திறந்தபோது, எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. தீபிகா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அம்மிணி, இதப் பாருங்க, எனக்கு வந்திருக்குது! குடுத்தவங்களுக்கெல்லாம் அனுப்பிருக்காங்களாம்.”

கட்டி அழிந்தது. துணை நலம்.

“துணைங்கறது நானுந்தானே?”

“ஆமாங்க்கா.”

“நூத்துல ஒருத்தின்னாலும் மொத ஆளு நான்தான்,” என்று தீபிகா மறுபடியும் ஒரு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு புருவத்தைச் சுருக்கினாள். “ஏனுங்க, கட்டி போச்சுன்னு போட்டிருக்குது. நான் நல்லா இருக்கேன்னு போட்டிருக்குது. அந்தக் கட்டி யாருக்கு வந்துச்சோ, அந்த ஆளு எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்தை போடலியே?”

கவிநயா போனை வாங்கிப் பார்த்தாள். அவள் எழுதிக் கொடுத்த வாசகம். கட்டிக்கு ஒரு வாக்கியம், துணைக்கு ஒரு வாக்கியம். மூன்றாவது வாக்கியம் இல்லை. இத்தனை வருஷம், இத்தனை ஆயிரம் தடவை படித்திருக்கிறாள். தன் நலத்தைத் தேடித் தேடிப் படித்ததில், நோயாளி என்ற ஆளையே தான் எழுதாமல் விட்டிருப்பது ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லை. இப்போது அந்த ஆள் அவள்.

“அது நான்தானுங்க்கா,” என்றாள்.

“எது?”

“அந்தக் கட்டி. எனக்குத்தான். நிகரிக்குத்தான் சரியாப் போயிருக்கு. எனக்கு மொத ஊசி முந்தாநாள்தான் போட்டாங்க. உள்ள என்ன பண்ணுதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது.”

கவுண்டரில் உட்கார்ந்திருந்த முகம் தீபிகாவுக்கு இப்போதுதான் விளங்கியது போலிருந்தது.

“அதெல்லாம் கெடக்கட்டும்,” என்றாள். “நீங்க எப்படி இருக்கறீங்க?”

நலம் என்று சொல்ல வாய் எடுத்தாள் கவிநயா. அது இயந்திரத்துக்கு அவள் கொடுத்த சொல். வேறு சொல்லைத் தேடினாள், சட்டென்று கிடைக்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமே விட்டுப் போயிருந்தது.

“பயமா இருக்குதுங்க்கா,” என்றாள் கடைசியில்.

தீபிகா செருப்பு ஸ்டாண்டைக் காலால் தன் பக்கம் தள்ளிவிட்டு, கவிநயாவின் கையிலிருந்த பால் தூக்கை வாங்கிக்கொண்டு, அவள் வீட்டுக்குள் நுழைந்தாள்.